ஒன்றாம் வகுப்புக்குள் நுழையும் புது ஆசிரியருக்கு: பிள்ளையைப் பார்த்துத் திட்டம் போடுவது எப்படி?

தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு இரண்டு வருடம் முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டின் முதல் தாளும் தேறி, பணி ஆணையோடு ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குப் போகிறீர்கள். அது ஈராசிரியர் பள்ளியாக இருந்தால் ஹெச்.எம். ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளைச் சேர்த்தே உங்களிடம் கொடுத்துவிடுவார். கையில் ஆசிரியர் கையேடு, பயிற்சி நூல்கள், பாடக்குறிப்பு எழுத ஒரு நீள நோட்டு. எதிரே இருபத்து நாலு பிள்ளைகள். ஒருவன் அம்மா போன திசையைப் பார்த்து அழுகிறான். ஒருத்தி சிலேட்டைத் தரையில் தட்டுகிறாள். இரண்டு பேருக்கு உடனே தண்ணீர் குடிக்கப் போகணும்.

இந்த நேரத்தில் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறக்கத்தான் கை போகும். நானும் அப்படித்தான் திறந்தேன். அந்த வருடம் இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். எந்தப் பாடம் சொன்னாலும் விரல் வைத்துக் கடகடவென்று வாசிப்பாள். மற்றப் பிள்ளைகளுக்கு அவளைத்தான் முன்மாதிரியாக நிறுத்துவேன். ஆடிக் காற்று அடித்த ஒரு நாள், அவள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கம் புரண்டுவிட்டது. அவள் நிறுத்தவில்லை. விரல் புதுப் பக்கத்தில் ஓடுகிறது, வாய் பழைய பாடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதே பாடத்தில் வரும் ‘மரம்’ என்ற சொல்லை மட்டும் பலகையில் எழுதிக் கேட்டேன். உதட்டைக் கடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். என் பாடக்குறிப்பு நோட்டிலோ அவள் வகுப்புக்கு நாலு பாடம் ‘முடிந்தது’ என்று எழுதியிருந்தது.

பாடத்துக்குத் திட்டம் போடுவது வேறு, பிள்ளைக்குத் திட்டம் போடுவது வேறு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இரண்டாவதை எப்படிச் செய்வது என்று எனக்குப் பழகிய வழியில் சொல்கிறேன்.

பள்ளி திறப்பதற்கு முன்

பெயர்ப் பட்டியல் கிடைத்ததும் ஊருக்குள் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். ஒன்றாம் வகுப்புக்கு வரப்போகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அங்கன்வாடியில் இருந்துதான் வருவார்கள். அங்கன்வாடிப் பணியாளரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினால் போதும். யார் இன்னும் பேசவே கூச்சப்படுகிறார்கள், யார் பாட்டி வளர்ப்பு, யாருக்கு அடிக்கடி காது சீழ் வடிகிறது, எல்லாம் தெரிந்துவிடும். எந்தப் பதிவேட்டிலும் கிடைக்காத தகவல் இது.

வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் இருப்பார்கள். செங்கல் சூளை, நூற்பாலை இருக்கும் ஊர்களில் ஒடியாவோ இந்தியோ பேசும் பிள்ளைகள் வருவார்கள். அந்தப் பிள்ளை முதல் மாதம் வாயைத் திறக்காமல் இருந்தால் அது மந்தம் ஆகாது. காதால் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அதன் மொழியில் ‘வா’, ‘தண்ணீர்’, ‘வலிக்குதா’ என்று மூன்று சொல்லாவது நீங்கள் கற்றுக்கொண்டு போங்கள். முதல் நாள் அந்த முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

முதல் இரண்டு வாரம்: பாடம் நடத்தாமல் பாருங்கள்

ஒரு நூறு பக்க நோட்டு வாங்கி, பிள்ளைக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். அலுவலகத்துக்குக் காட்டத் தேவையில்லாத, உங்களுக்கே உங்களுக்கான நோட்டு. முதல் இரண்டு வாரம் பாட்டு, கதை, விளையாட்டு, படம் வரைதல் என்று வகுப்பு ஓடட்டும். அந்தச் சத்தத்துக்கு நடுவே தினமும் மூன்று பிள்ளைகளைப் பக்கத்தில் கூப்பிட்டு, ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசுங்கள். ‘தேர்வு’ என்ற வாடையே அடிக்கக் கூடாது. “கண்ணு, இங்க வா, இந்தப் படத்துல என்ன நடக்குதுன்னு சொல்லு” என்றால் போதும்.

எதைப் பார்ப்பது? படத்தைப் பார்த்து எத்தனை வாக்கியம் சொல்கிறது. தன் பெயரை நாம் எழுதிக் காட்டினால் அடையாளம் காண்கிறதா. ‘பல்லி’ என்ற சொல் எந்தச் சத்தத்தில் தொடங்குகிறது என்று காதால் பிரிக்க முடிகிறதா. எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் இந்தக் கடைசித் திறன் இருக்கலாம். இருந்தால் எழுத்துப் பிடிபட அதிக நாள் ஆகாது.

கணக்குக்குப் புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு கொட்டையை ஒரு வரிசையாக வைத்து, அதற்கு நேராக இன்னொரு ஆறு வையுங்கள். “ரெண்டும் சமமா?” என்றால் ஆமாம் என்று சொல்லும். இப்போது பிள்ளையின் கண் முன்னாலேயே ஒரு வரிசையை மட்டும் இழுத்து நீட்டிவிட்டு மறுபடி கேளுங்கள். ஐந்து, ஐந்தரை வயதுப் பிள்ளைகள் பலர் நீளமான வரிசையைக் காட்டி “இதுலதான் நிறைய” என்பார்கள். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே சொன்ன ‘மாறாத் தன்மை’யை நாமெல்லாம் டெட் தேர்வுக்கு மனப்பாடம் செய்தோம். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறையும் என்று முப்பது கேள்வி வருகிற பகுதி அது. அந்தப் பியாஜே இங்கே ஆறு கொட்டையில் உட்கார்ந்திருக்கிறார். நீட்டினாலும் எண்ணிக்கை மாறாது என்று தெரியாத பிள்ளைக்கு 6 + 0 = 6 என்று எழுதச் சொல்லிக்கொடுப்பது தண்ணீரில் எழுதுவதுதான். அந்தப் பிள்ளைக்கு இன்னும் சில வாரம் கொட்டைகளோடு விளையாட்டுத்தான் பாடம்.

கண்ணையும் காதையும் கவனியுங்கள். எப்போதும் பக்கத்துச் சிலேட்டைப் பார்த்தே எழுதும் பிள்ளைக்குப் பலகை தெரியாமல் இருக்கலாம். பின்னால் நின்று சாதாரணக் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைக் குறித்துவைத்து, பள்ளிக்கு மருத்துவக் குழு வரும்போது தவறாமல் காட்டுங்கள். அதுவரை அந்தப் பிள்ளையை முன்னால் உட்காரவையுங்கள்.

பேச்சுத் தமிழிலிருந்து புத்தகத் தமிழுக்கு

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயிற்சிகளில் இது போதுமான அளவு பேசப்படுவதில்லை என்பது என் எண்ணம். தமிழ்நாட்டில் தமிழ் வீட்டுப் பிள்ளைக்குக்கூடப் பாடப் புத்தகத் தமிழ் பாதி புதுசு. வீட்டில் ‘தண்ணி’, புத்தகத்தில் ‘தண்ணீர்’. வீட்டில் ‘வந்தாங்க’, புத்தகத்தில் ‘வந்தார்கள்’. மதுரைப் பக்கம் பல பிள்ளைகள் வாயில் ‘வாளப்பளம்’தான் வரும். சென்னையில் ‘வாயப்பயம்’ கேட்கும். அப்படிச் சொன்ன பிள்ளையைப் பார்த்து வகுப்பு சிரித்தால், அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வாய் திறக்காது.

நான் செய்வது இது. பிள்ளை தன் பேச்சில் சொன்னதை மறுக்காமல் வாங்கிக்கொண்டு, அதையே புத்தகத் தமிழில் நான் திருப்பிச் சொல்வேன். “எங்க ஆயா ஊருக்குப் போய்ட்டாங்க டீச்சர்.” “அப்படியா? உங்கள் ஆயா ஊருக்குப் போய்விட்டார்களா?” திருத்துகிற தொனி துளியும் இருக்காது. தினமும் காலையில் பத்து நிமிடம் இப்படிப் பேசினால் இரண்டு மாதத்தில் பிள்ளைகளே ‘புத்தகப் பேச்சு’ விளையாட்டு ஆட ஆரம்பித்துவிடுவார்கள். ழகரத்துக்கு நாக்கு வர நேரம் எடுக்கும். எழுத்தில் சரியாக எழுதப் பழக்குங்கள், உச்சரிப்பை நாக்குப் பயிற்சிப் பாட்டுகளுக்கு விட்டுவிடுங்கள்.

நிலை பிரிப்பது

2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட, அடிப்படை எழுத்தும் கணக்கும் வரவைக்கும் அரசுத் திட்டமான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துப் பயிற்சி நூல் கொடுத்தார்கள். முதலில் 1 முதல் 3 வகுப்பு வரை, 2023-24இல் 4, 5 வகுப்புகளுக்கும். வகுப்பு எண்ணை வைத்துப் பிரிக்காமல், எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பிரிப்பதுதான் இதன் உயிர். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருக்கலாம். நோட்டில் நீங்கள் எழுதியதை வைத்து முதல் பிரிவைச் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளை தமிழில் மலராகவும் கணக்கில் அரும்பாகவும் இருக்கும். ஒரே பாயில் நாள் முழுக்க உட்காரவைத்துவிட்டால் ‘நாங்க அரும்பு, மக்கு’ என்று அதுவே சொல்ல ஆரம்பித்துவிடும். என் வகுப்பில் அப்படி ஒரு பையன் சொன்னதைக் கேட்ட அன்றே பாய்களைக் கலைத்தேன். தமிழுக்கு ஓர் இடம், கணக்குக்கு வேறு இடம், கதைக்கு எல்லாரும் கலந்து வட்டமாக. மூன்று வாரத்துக்கு ஒருமுறையாவது யாரை நகர்த்தலாம் என்று பாருங்கள்.

வாரத் திட்டம்: ஒரு நூலைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஒரு வாரத்தில் ஐந்து நோக்கம் வைத்தால் ஒன்றும் நடக்காது. தமிழுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று. அதைப் பிள்ளை செய்கிற ஒரு செயலாக எழுதுங்கள். ‘எழுத்துகளை அறிதல்’ என்று எழுதினால் வெள்ளிக்கிழமை எதைப் பார்ப்பீர்கள்? ‘ட, ப, ம மூன்றையும் கலைத்து வைத்தாலும் எடுத்துச் சொல்லும்’ என்று எழுதினால் பார்க்க ஏதோ ஒன்று இருக்கிறது.

ட, ப, ம என்று ஏன் சொல்கிறேன் என்றால், அரிச்சுவடி வரிசையில் முதலில் வரும் அ, ஆ, இ பிஞ்சு விரலுக்குக் கடினம். வளைவும் சுழியும் அதிகம். ட ஒரு நேர்கோடு, ஒரு கிடைக்கோடு. ப இன்னும் ஒரு கோடு. முதல் நாளே எழுதிவிடலாம். அதைவிடப் பெரிய லாபம், இந்த மூன்று எழுத்திலேயே சொல் கிடைத்துவிடுகிறது, அதுவும் பிள்ளைக்குப் பிடித்த சொல். மேளம் டமடம. மழை படபட. தண்ணீர் குடித்தால் மடமட. புள்ளி கூட வேண்டியதில்லை. பலகையில் ‘படபட’ என்று எழுதி, கையால் தரையில் தட்டிக்கொண்டே வாசித்தால் இருபத்து நாலு பேரும் வாசிப்பார்கள். ‘நான் படிச்சிட்டேன்’ என்ற நினைப்பு முதல் வாரமே வந்துவிடும்.

அடுத்த வாரம் க சேருங்கள்: கடகட, கமகம. ச வந்தால் சடசட. த வந்தால் தடதட. ல வந்ததும் கலகல, சலசல. ள வந்ததும் பளபள, வ சேர்ந்தால் வளவள. இரட்டைக்கிளவி என்று பெரிய வகுப்பில் இலக்கணமாகப் படிக்கும் பொருள் ஒன்றாம் வகுப்புக்கு முதல் வாசிப்புப் புத்தகமாக நிற்கிறது. நம் மொழி கொடுத்த கொடை, இதை விட்டுவிடாதீர்கள். அப்புறம் புள்ளி. ‘பட’வோடு ம் சேர்ந்தால் படம், நடுவில் ட் வந்தால் பட்டம். அப்புறம் கால்: மாமா, பாடம், பாப்பா.

ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வரும்போது வேகத்தைக் குறையுங்கள். ‘கெ’ என்று சொல்லும்போது க் முதலில் கேட்கிறது, எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது. ‘கொ’வில் எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி. காதும் கையும் எதிரெதிர்த் திசையில் போகிற இடம் இது. பிள்ளை தடுமாறினால் கவனக் குறைவு என்று நினைக்காதீர்கள். க அட்டையை நடுவில் வைத்து, கொம்பு அட்டையையும் கால் அட்டையையும் பக்கத்தில் நகர்த்தி விளையாட விடுங்கள். பழைய காலண்டர் அட்டை போதும். 247 எழுத்தையும் அட்டவணையாக ஒப்பிக்கவைப்பதைவிட, இந்தக் குறிகள் சேர்கிற முறை பிடிபட்டால் மீதி எழுத்துகளைப் பிள்ளையே கட்டிக்கொள்ளும்.

ஒரு நாற்பது நிமிடம் எப்படிப் போகும்

மூன்று நிலையும் ஒரே அறையில் இருக்கிற வகுப்பு. முதல் எட்டு நிமிடம் எல்லாரும் வட்டம்: ஒரு பாட்டு அல்லது சின்னக் கதை, அதில் இந்த வார எழுத்து ஒளிந்திருக்கும். அப்புறம் பிரிந்து உட்காருவார்கள். அரும்புப் பிள்ளைகளோடு நான் பதினைந்து நிமிடம். அந்த நேரத்தில் மொட்டுப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகச் சொல்லட்டைகளை ஒருவருக்கொருவர் காட்டி வாசிப்பார்கள். மலர் பிள்ளைகள் நேற்றைய கதையில் பிடித்த இடத்தைப் படமாக வரைந்து கீழே இரண்டு வரி எழுதுவார்கள். அடுத்த பத்து நிமிடம் நான் மொட்டுக்குப் போவேன், அரும்பு மணல் தட்டில் எழுதும். கடைசி ஐந்தாறு நிமிடம் மலர் பிள்ளைகளில் ஒருவர் எழுதியதை எல்லாருக்கும் வாசிப்பார்.

இது ஓட வேண்டும் என்றால் நீங்கள் இல்லாமல் நடக்கிற வேலை பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த வேலையாக இருக்கணும். புது விளையாட்டை உங்கள் முன்னால் இரண்டு நாள் ஆடிப் பழகிய பிறகுதான் தனியாக விட வேண்டும். அதை மறந்த நாள்களில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை “டீச்சர், இது என்ன பண்ணணும்?” என்று புடவையைப் பிடித்து இழுப்பார்கள். அடுத்து, அட்டைகள் காலையிலேயே மூன்று டப்பாவில் பிரிந்து இருக்கட்டும். தேடுகிற இரண்டு நிமிடத்தில் வகுப்பு கலைந்துவிடும்.

கேட்டுவிட்டுக் காத்திருங்கள்

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடி ஆக்கியதும் பிள்ளைகள் நீளமாகப் பதில் சொன்னார்கள், எப்போதும் பேசாதவர்களும் பேசினார்கள். மனதுக்குள் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ எண்ணிக்கொள்ளுங்கள். முதல் வாரம் அந்த மௌனம் மிக நீளமாகத் தெரியும். தாங்கிக்கொள்ளுங்கள்.

தப்பில் பிள்ளையின் யோசனை தெரியும்

‘நூற்றைந்து’ எழுதச் சொன்னால் 1005 என்று எழுதும் பிள்ளை கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறது: நூறு, அப்புறம் ஐந்து. 42 − 17 = 35 என்று போட்ட பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. 7இல் 2 போனால் 5, 4இல் 1 போனால் 3. இரண்டிலும் ஒரு ஒழுங்கான யோசனை இருக்கிறது. சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுவிட்டால் அது உங்கள் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். “இதை எப்படிச் செஞ்சேன்னு சொல்லு தங்கம்” என்று கேளுங்கள்.

மருந்து ஈர்க்குச்சியில் இருக்கிறது. பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். நாலு கட்டும் இரண்டு தனிக் குச்சியும் 42. அதிலிருந்து ஏழு தனிக் குச்சி கொடு என்றால் பிள்ளை இரண்டைக் கொடுத்துவிட்டு உங்களைப் பார்க்கும். கட்டைப் பார்க்கும். தானாக ரப்பர் பேண்டைக் கழற்றும் வரை வாயைத் திறக்காதீர்கள். தானே கழற்றிய பிள்ளைக்குக் கடன் வாங்குதலைத் திரும்ப விளக்க வேண்டி வந்ததில்லை.

எண் பெயர்களிலும் ஒரு பொறி உண்டு. எழுபது, எண்பது, தொண்ணூறு. எண்பதுக்கு அடுத்த பத்தும் ‘பது’ என்று முடிவதுதான் பிள்ளைக்கு நியாயமாகப் படும். 89க்கு அடுத்து தடுமாறும் பிள்ளைக்கு எண்ணத் தெரியவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அந்த ஒரு பெயரைத் தனியாகச் சொல்லிக்கொடுத்தால் 99 வரை போய்விடும்.

அடிக்கிற பேச்சே வேண்டாம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. சட்டம் இருக்கட்டும், பயந்த பிள்ளை தன் யோசனையை உங்களிடம் காட்டாது. காட்டாத யோசனைக்கு நீங்கள் எதை வைத்துத் திட்டம் போடுவீர்கள்?

வீட்டோடும் பள்ளியோடும்

பெற்றோர் கூலி வேலைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகுதான் வருவார்கள். ‘வீட்டுல படிக்க வைங்க’ என்று சொன்னால் படிக்கத் தெரியாத அம்மாவுக்குக் குற்ற உணர்வுதான் மிஞ்சும். அதற்குப் பதிலாக, “தினமும் ராத்திரி இன்னைக்கு என்ன கதை சொன்னாங்கன்னு கேளுங்கம்மா, அது போதும்” என்று சொல்லுங்கள். அதை யாரும் செய்ய முடியும். காலை உணவு நேரமும் நல்ல வாய்ப்பு. பிள்ளைகளோடு உட்கார்ந்தால் முந்தின நாள் வீட்டில் நடந்தது தானாக வந்து விழும்.

எமிஸ் என்ற பள்ளிக் கல்வி இணையதளத்தில் பதிவு, வருகை, புள்ளிவிவரம் என்று வேலைகள் வந்துகொண்டே இருக்கும். முதல் மணி அடித்ததும் வருகையை ஏற்றிவிட்டுக் கைப்பேசியை உள்ளே வைத்துவிடுங்கள். சட்டம் சொல்லும் வாரத்துக்கு 45 மணி நேரப் பணியில் தயாரிப்பு நேரமும் அடக்கம். அதை உங்களுக்கான உரிமையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்குப் போகும்போது உங்கள் நோட்டில் புரியாத ஒரு பிள்ளையின் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடம் காட்டுங்கள். எனக்குப் பல முடிச்சுகள் தேநீர் இடைவேளையில்தான் அவிழ்ந்தன.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்

பிள்ளைகள் போன பிறகு அரை மணி நேரம் நோட்டைத் திறங்கள். எல்லாருக்கும் எழுத வேண்டாம், எட்டுப் பேருக்கு ஆளுக்கு ஒரு வரி. மூன்று வாரத்தில் ஒரு சுற்று வந்துவிட வேண்டும். ‘ப, ம குழப்பம் போச்சு. ட தலைகீழ்.’ ‘கூட்டத்தில் முதல் தடவை கதை சொன்னாள்.’ ‘பத்துக் கட்டு இன்னும் பிடிபடலை, மறுபடி கொட்டை.’ இந்த வரிகளை வைத்துத்தான் அடுத்த வாரத்துக்கான இரண்டு நோக்கத்தை எழுத வேண்டும். பாடக்குறிப்பு நோட்டுக்கு அதைச் சரியான வடிவத்தில் மாற்ற இன்னும் பத்து நிமிடம் ஆகும். யார் பெயர் மூன்று வாரமாக நோட்டில் வரவில்லை என்று கடைசியாக ஒருமுறை புரட்டிப் பாருங்கள். சத்தம் போடாத, சண்டை போடாத, நடுவரிசைப் பிள்ளையாகத்தான் அது இருக்கும். திங்கட்கிழமை காலை முதலில் கூப்பிட வேண்டிய பெயர் அது. அதை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, எண்ணிக் கட்டிய ஈர்க்குச்சிகளோடு மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.